கூதிர் வருமுன்: மேற்குச் சென்னையில் தனிவீடும் பொதுநீரும்

பெய்ஜிங் நகரில் குளிர்காலத்துக்கு அரசே நாள் குறித்து வைத்திருக்கிறது. நவம்பர் 15ஆம் தேதி பொதுக் கொதிகலன்களிலிருந்து வெந்நீர் குழாய் வழியே வீடுகளுக்குள் ஓடத் தொடங்கும். மார்ச் 15 வரை ஓடும். அறையின் வெப்பம் 18 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது விதி. குளிர் முந்திக்கொண்டால் நாளையும் முன்னே நகர்த்துவார்கள். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கார்களில் பனிக்கால டயர் மாட்டியாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஈழத் தமிழர்கள் கணிசமாக வாழும் மொன்ட்ரியலில், பனியை அள்ளும் வண்டிகள் வருமுன் சைரன் ஒலிக்கும். தெருவோரக் காரை எடுக்காதவர்களின் வண்டியை இழுத்துப் போய்விடுவார்கள். டெல்லியில் காற்றுத் தரக் குறியீடு 200, 300, 400, 450 என்ற எல்லைகளைத் தாண்டத் தாண்ட, நான்கு படிகளில் கட்டுப்பாடுகள் இறுகுகின்றன. இவையெல்லாம் எவ்வளவு செம்மையாக நடக்கின்றன என்பது தனிக் கேள்வி. பருவத்தை எதிர்கொள்வதில் ஊருக்கும் பங்கு உண்டு என்ற எண்ணம் அந்த நகரங்களின் அன்றாடத்தில் விதியாக, தேதியாக, சைரன் ஒலியாகப் பதிந்திருக்கிறது. சென்னையின் மேற்கு விளிம்பில், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மதுரவாயலுக்கும் பூந்தமல்லிக்கும் இடையே கிடக்கும் வேலப்பன்சாவடிக்கும் அப்படி ஒரு பருவம் ஆண்டுதோறும் வருகிறது. அதை எதிர்கொள்ள மக்கள் படும் பாட்டில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அந்தப் பாடு முழுவதும் வீடு வீடாகப் படும் பாடு. நீர் விஷயத்தில் ஒரு வீடு தனக்காகச் செய்துகொள்ளும் காப்பு, பல நேரங்களில் அடுத்த வீட்டின் ஆபத்தாக மாறுகிறது. மேற்குப் புறநகரின் மழைக்காலத் துயரத்துக்கு மழையைவிட இதுவே நெருங்கிய காரணம் என்பது என் வாதம்.

குளிர் என்ற அளவில் சென்னைக்குக் குளிர்காலமே இல்லை எனலாம். நுங்கம்பாக்கத்தில் நூற்றாண்டுக் கணக்கில் பதிவானவற்றுள் மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான். நம் பழைய இலக்கணம் ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் எனப் பிரித்து, வாடையும் தூறலும் கூடிய குளிர்ப் பொழுதாக வகுத்தது; அந்த வகுப்பு இன்றும் பொருந்துகிறது. இந்திய வானிலைத் துறையின் கணக்கில் நாட்டின் பெரும்பகுதிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்கள் மழை ஓய்ந்த பின்னுள்ள காலம். தமிழ்நாட்டுக்கோ அதுதான் வடகிழக்குப் பருவமழைக் காலம். மாநில சராசரி சுமார் 44 சென்டிமீட்டர். சென்னையில் ஆண்டு முழுவதும் பெய்யும் ஏறத்தாழ 140 சென்டிமீட்டரில் பாதிக்கு மேல் இந்த மூன்று மாதங்களில்தான் விழுகிறது. அதிலும் பெரும்பங்கு வங்கக் கடலில் உருவாகும் சில தாழ்வு மண்டலங்களின் கையில் இருப்பதால், பத்துப் பதினைந்து நாள் மழையே ஆண்டின் விதியைத் தீர்மானித்துவிடுகிறது. மழை தவறினால் என்ன ஆகும் என்பதை 2019 ஜூன் காட்டியது: 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவும் உள்ள செம்பரம்பாக்கம் ஏரி வெடித்த தரையாகக் கிடந்தது, நகரம் லாரிகளுக்குப் பின்னே குடங்களோடு நின்றது. ஆகவே ஐப்பசிக்காகக் காத்திருக்கும் மனத்தில் பயமும் ஆசையும் ஒன்றாகவே இருக்கின்றன. ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் ஏற வேண்டும், வாசற்படியில் ஏறக் கூடாது.

அந்தக் காத்திருப்பு அன்றாட வேலைகளாக இறங்குவது புரட்டாசியில். நவராத்திரிக் கொலு, அம்பத்தூர்ப் பட்டறைகளில் ஆயுத பூசை, அதையடுத்துத் தீபாவளிச் சந்தடி என்ற வரிசைக்கு நடுவே இன்னொரு வேலைப் பட்டியலும் வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கும். மொட்டை மாடியைப் பெருக்கி, மழைநீர்க் குழாயின் வாயில் அடைத்த வேப்பஞ்சருகை எடுப்பார்கள். தளத்தின் வெடிப்புகளில் நீர்க்காப்புப் பூச்சு அடிப்பார்கள். தரையோடு தரையாக இருந்த மோட்டாரைத் திட்டுக் கட்டி மேலே வைப்பார்கள். இன்வெர்ட்டர் பேட்டரி அலமாரித் தட்டுக்கு ஏறும், குளிர்சாதனப் பெட்டிக்கு உயரமான ஸ்டாண்ட் வரும், ரேஷன் அட்டையும் பத்திரங்களும் பாலித்தீன் உறைக்குள் பரணுக்குப் போகும். சம்ப்பின் மூடியைச் சுற்றிச் சிமெண்டு பூசுவார்கள், தெருநீர் குடிநீரில் கலந்துவிடக் கூடாது என்று. பாதாளச் சாக்கடை வராத தெருக்களில் செப்டிக் டேங்க்கை மழைக்கு முன்பே காலி செய்ய லாரிக்குச் சொல்லிவைப்பார்கள். நிலத்தடி நீர் மட்டம் ஏறிவிட்டால் கழிவறை வழியே நீர் எதிர்த்து வரும் என்பது இங்கே பலருக்கும் தெரியும். காலி மனைகளில் புதர் வெட்டுவது பாம்புக்குப் பயந்து. கொசுப்புழு பார்க்க வரும் பணியாளருக்குத் தொட்டியைத் திறந்து காட்டுவது, நிலவேம்புக் குடிநீர் காய்ச்சுவது, மெழுகுவத்தி, தார்ப்பாய், கொஞ்சம் கூடுதல் அரிசி, பால் பவுடர், மாத்திரைகள் எல்லாம் சேர்ந்தால் ஒரு நடுத்தரக் குடும்பம் தீபாவளிக்கு இணையான கவனத்தை மழைக்கும் கொடுக்கிறது. கார் வைத்திருப்பவர்கள் சிவப்பு எச்சரிக்கை வந்ததும் மேம்பாலத்தில் இடம் பிடிக்கிறார்கள். 2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாக நின்ற கார்களின் படம் நாடெங்கும் போனது.

இத்தனை விழிப்பும் உழைப்பும் உள்ள மக்களைப் பார்த்து விழிப்புணர்வு போதாது என்று சொல்வது அநியாயம். அவர்கள் செய்வதில் பாதி முழுக்க நல்லது, யாருக்கும் தீங்கில்லாதது. மருந்து வாங்கி வைப்பதாலோ மோட்டாரை உயர்த்துவதாலோ அடுத்தவருக்கு ஒன்றும் ஆவதில்லை. சிக்கல் மற்ற பாதியில், மண்ணைத் தொடும் வேலைகளில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள இந்த நிலத்தின் சாய்வைப் பார்க்க வேண்டும்.

மேற்குப் புறநகர் முழுவதும் ஏரிகளின் பூமி. நிலம் மேற்கிலிருந்து கிழக்கே, கடலை நோக்கி, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லச் சாய்கிறது. அந்தச் சாய்வின் குறுக்கே கரை போட்டு நீரை நிறுத்தி, கலங்கல் வழியாக மிச்சத்தைக் கீழ் ஏரிக்கு அனுப்பும் சங்கிலிதான் பழைய ஊரமைப்பு. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கு, அங்கிருந்து ரெட்டேரிப் பக்கம் என்பது ஒரு சங்கிலி. ஆவடிப் பக்கத்துப் பருத்திப்பட்டு ஏரியின் உபரி கூவத்தைத் தேடி வருவது இன்னொன்று. கூவம் சுமார் 72 கிலோமீட்டர் ஓடுகிற ஆறு. நகருக்குள் அதைச் சாக்கடையாகவே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அது வழி நெடுகப் பல ஏரிகளின் மிச்சநீரை வாங்கிச் செல்லும் வடிகால் என்பது மறந்துபோகிறது. ஜமீன் கொரட்டூர் அணைக்கட்டில் அதன் நீரில் ஒரு பகுதியைப் பங்காரு கால்வாய் வழியே செம்பரம்பாக்கத்துக்குத் திருப்புகிறார்கள். வெள்ளக் காலத்தில் அதற்கும் மிஞ்சியது அணைக்கட்டைத் தாண்டி, திருவேற்காட்டை ஒட்டி, வேலப்பன்சாவடிக்கு வடக்கே, நொளம்பூர், மதுரவாயல் என்று இறங்கும். அப்போது நொளம்பூர்த் தரைப்பாலம் மூழ்குவதும் போக்குவரத்து நிற்பதும் செய்தியே இல்லை என்ற அளவுக்கு வழக்கம். இந்த மேற்கு–கிழக்குச் சாய்வின் குறுக்கே, வடக்கு–தெற்காக இரண்டு பெரிய சாலைகள் எழுந்தன. வேலப்பன்சாவடிக்குக் கிழக்கே தாம்பரம்–புழல் புறவழிச்சாலை. மேற்கே, பூந்தமல்லியைத் தாண்டி, வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை. நெடுந்தூரம் மண் மேட்டின் மேல் ஓடும் சாலைகள் இவை. ஏரிக்குக் கரை போட்டது போலத்தான். ஒரே வேறுபாடு, ஏரிக் கரையில் மதகையும் கலங்கலையும் எங்கே வைப்பது என்பதை நீரைப் பார்த்து முடிவு செய்தார்கள். இங்கே வண்டியைப் பார்த்து முடிவு செய்தார்கள். அடியில் விட்ட சிறுபாலங்கள்தான் நீருக்குக் கிடைத்த வாசல்கள்.

இப்படி ஏற்கெனவே நெருக்கப்பட்ட நிலத்தில்தான் வீடுகள் ஒவ்வொன்றாக உயர்கின்றன. முதலில் உயர்வது சாலை. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிய தார் போட்டுப் போட்டு, இருபது ஆண்டில் தெரு முழங்கால் உயரம் ஏறிவிடும். அன்று படியேறிப் போன வீடு இன்று படியிறங்கிப் போகும் வீடாகிறது. அடுத்து உயர்வது புதிதாகக் கட்டப்படும் வீடு. பக்கத்து வீடு மூழ்கியதைப் பார்த்தவர், லாரி லாரியாக மண்ணடித்து மனையைத் தெருவைவிட மூன்றடி உயர்த்துகிறார். அடுத்த மனைக்காரர் நான்கடி. வாசலில் கார் ஏற ஒரு சாய்தளம் வேண்டும். அது தெருவுக்குள் நீண்டு ஓரக் கால்வாயின் மேல் உட்காரும். நீர் உள்ளே புகாமல் இருக்கச் சுற்றுச்சுவரின் அடியில் இருந்த சிறு ஓட்டைகளையும் பூசி அடைப்பார்கள். ஒவ்வொரு செயலையும் தனியே எடுத்தால் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் மழைநீரின் மொத்த அளவு இதனால் ஒரு குடம்கூடக் குறைவதில்லை. முன்பு பத்து மனைகளில் கணுக்கால் அளவு நின்று ஊறி இறங்கிய நீர், எட்டு மனைகள் உயர்ந்த பிறகு மிச்சமுள்ள இரண்டு மனைகளில் இடுப்பளவு நிற்கிறது. டெல்லியில் குளிர்காலத்துக்காகக் காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கும் குடும்பத்தோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். அந்தக் கருவியால் தெருவின் காற்று திருந்துவதில்லை, என்றாலும் பக்கத்து வீட்டின் காற்று அதனால் பெரிதாகக் கெடுவதும் இல்லை. நம் தற்காப்பு அப்படிப்பட்டதல்ல. அதன் செலவில் ஒரு பகுதியை முகம் தெரியாத ஒருவர் தன் வீட்டுக்குள் வாங்கிக்கொள்கிறார்.

அந்த ஒருவர் யார் என்பதுதான் இதில் என்னை மிகவும் உறுத்துவது. உயர்த்திக்கொள்ள முடியாதவர்தான் அவர்: பழைய வீட்டின் தரைத்தள போர்ஷனில் வாடகைக்கு இருக்கும் குடும்பம், ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்கள், 1960களில் உருவான அம்பத்தூர்த் தொழிற்பேட்டையைச் சுற்றி, தகரக் கொட்டகைகளில் பத்துப் பேருக்கு ஓர் அறையாகத் தங்கியிருக்கும் ஒடிசா, பீகார்த் தொழிலாளர்கள், ஆற்றோரத்தில் வேறு வழியின்றிக் குடியேறியவர்கள். வாடகைக்கு இருப்பவரால் தரையை உயர்த்த முடியாது. வீட்டுக்காரர் உயர்த்தினால் வாடகையும் சேர்ந்து உயரும். இப்படிப் பத்தாண்டு, இருபதாண்டில் மேடு வசதியுள்ளவர்களுக்கும் பள்ளம் இல்லாதவர்களுக்கும் என்று தெருவுக்குள்ளேயே நிலம் பிரிந்துவிடுகிறது. யாரும் திட்டமிட்டுச் செய்த பிரிவினை அல்ல. தன் குடும்பத்தைக் காக்க நினைத்த நல்ல மனிதர்கள் சேர்ந்து உண்டாக்கியது. அதனால்தான் இதை ஒழுக்கப் பிரச்சினையாகப் பார்த்து யாரையும் கடிந்துகொள்வதில் பயனில்லை. பக்கத்தில் எல்லோரும் உயர்த்தும்போது நான் மட்டும் உயர்த்தாமல் இருந்தால் மூழ்குவது நான். பொதுவிதி இல்லாத இடத்தில் தனிமனித நல்லெண்ணம் தோற்றே தீரும்.

உயர்த்திக்கொண்டவருக்காவது முழுப் பாதுகாப்பு கிடைக்கிறதா என்றால், 2023 டிசம்பர் அதற்கு விடை சொன்னது. மிக்ஜாம் புயல் ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரையேறியது டிசம்பர் 5 அன்று. அதற்கு முந்தைய இரண்டு நாள் அது சென்னைக்கு அருகிலேயே கடலில் நின்று கொட்டித் தீர்த்தது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை நீரில் நின்றது. அம்பத்தூரிலிருக்கும் ஆவின் பால்பண்ணைக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. அடுத்த சில நாட்களுக்கு நகரின் பல பகுதிகளில் பால் பாக்கெட் கிடைக்கவில்லை. கிடைத்த இடங்களில் சொன்ன விலைக்கு வாங்கினார்கள். ஐந்தாம் மாடியில் இன்வெர்ட்டரும் ஜெனரேட்டரும் வைத்திருந்த வீட்டிலும் குழந்தைக்குப் பால் இல்லை. கீழே தெருவில் ஓடும் நீரில் மின்சாரம் பாயக்கூடும் என்று மின்வாரியம் இணைப்பைத் துண்டித்துவிட்டால், உயரமான தரை உள்ளவரும் இருட்டில்தான் இருக்க வேண்டும். மருத்துவமனைக்குப் போகும் வழி மூழ்கியிருந்தால் வீட்டின் உயரம் எதற்கும் உதவாது. தனித்தனியே உயர்ந்த வீடுகள் தனித்தனித் தீவுகளாகிவிடுகின்றன. படகு வரும்வரை அங்கே காத்திருக்க வேண்டியதுதான்.

நீரைப் பொதுவில் வைத்து எதிர்கொள்ளும் பழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல என்பதற்கு எழுத்துச் சான்றுகள் இருக்கின்றன. உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்கு ஆண்டுதோறும் ஆள் தேர்ந்தெடுத்த முறையை விவரிக்கின்றன. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் செங்கல்பட்டு ஜாகீரின் சுமார் 2,000 ஊர்களை அளந்து எழுதிய கணக்குகளும், அவற்றுக்கு அடிப்படையான ஓலைக் கணக்குகளும், ஊர்ப் பணிகளுக்காக விளைச்சலிலிருந்து பங்கு ஒதுக்கப்பட்டதையும் அதில் ஏரிப் பராமரிப்புக்கும் பங்கு இருந்ததையும் காட்டுகின்றன. மழைக்கு முந்தைய மாதங்களில் வரத்துக்கால் தூர்வாருவதும் கரையைப் பலப்படுத்துவதும் மதகைப் பழுது பார்ப்பதும் ஊர்ச் செலவில் நடந்தன. இங்கே ஒரு கடுமையான மறுப்பு எழும், எழவும் வேண்டும். குடிமராமத்து என்று இன்று பெருமையோடு பேசப்படும் அந்த ஏற்பாட்டில் மண்வெட்டி பிடித்தவர்கள் யார்? பெரும்பாலும் நிலமில்லாத, ஒடுக்கப்பட்ட சாதியினர். மடை திறந்தவரும் கரை காத்தவரும் அவர்கள். விளைச்சலில் பெரும்பங்கை எடுத்தவர்கள் வேறு. ஆங்கில அரசு 1858இல் சென்னை மாகாணத்துக்குக் கட்டாய உழைப்புச் சட்டமே கொண்டுவந்தது. மறுப்பு சரியானது, அந்தப் பழைய ஏற்பாட்டை மீட்க வேண்டும் என்று நான் சொல்லவும் இல்லை. அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. வேலையை வீடு வீடாகப் பிரிக்காமல் நீர் ஓடும் வழியை அலகாக வைத்தார்கள். மழை வருமுன் முடிக்க வேண்டிய வேலைக்கு வருமானத்தில் முன்கூட்டியே பங்கு ஒதுக்கினார்கள். உழைப்புக்குச் சட்டப்படி கூலியும் பாதுகாப்பும் கொடுத்துக்கொண்டே இந்த இரண்டையும் இன்று செய்யலாம். 2017இல் தமிழக அரசு குடிமராமத்தைத் திட்டமாகத் தொடங்கியபோது ஊர்ப்புற ஏரிகளைப் பாசனக் கண்ணோடு பார்த்தது. வயலே இல்லாத புறநகர் ஏரிக்கு யார் பாத்தியதை என்ற கேள்வி அப்படியே நின்றது.

இயற்கையின் மிகையைக் காட்டி வரும் மறுப்பு இன்னொன்று. 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் பெய்தது. அப்படி ஒரு மழைக்கு எந்த ஊர் தாங்கும், வீட்டுத் தரை உயரத்தை எதற்குக் குறை சொல்ல வேண்டும் என்பார்கள். அந்த நாளைப் பொறுத்தவரை இதை ஏற்கிறேன். ஆனால் பேரழிவு நாளை வைத்து அன்றாடத்தை அளக்க முடியாது. மேற்குப் புறநகரில் பள்ளிக்கு விடுமுறையும் வேலைக்கு மட்டமும் ஆட்டோவுக்கு இரட்டைக் கட்டணமும் நோயும் பெரும்பாலான ஆண்டுகளில் வருவது ஏழு, எட்டு, பத்து சென்டிமீட்டர் மழைகளால்தான். அந்த அளவை இந்த நிலம் காலங்காலமாக வாங்கிப் பழகியது. இன்னொரு சான்று, மழை நின்ற பிறகும் நீர் வடியாமல் நிற்கும் நாட்கள். எவ்வளவு பெய்கிறது என்பது வானத்தின் கணக்கு. பெய்தது எத்தனை நாள் நிற்கிறது என்பது தரையின் கணக்கு. அக்கம்பக்கத்து இரண்டு தெருக்களில் ஒரே மழைக்கு ஒன்று மாலைக்குள் காய்ந்து, மற்றொன்று நான்கு நாள் நின்றால் மேகத்தைக் காரணமாகச் சொல்ல வழியில்லை.

வடிகால் கட்டிவிட்டார்களே என்பது வலுவான மறுப்பு. 2021 நவம்பர் வெள்ளத்துக்குப் பின் ஓய்வுபெற்ற இந்திய ஆட்சிப் பணி அதிகாரி திருப்புகழ் தலைமையில் குழு அமைந்தது. மாநகராட்சி எல்லைக்குள் பெருமளவில் மழைநீர் வடிகால்கள் கட்டப்பட்டன. கொசஸ்தலையாற்றுப் படுகைக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 25.1 கோடி டாலர் கடன் தந்தது. தியாகராய நகர் போன்ற இடங்களில் பலன் தெரிந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் வடிகால் என்பது நீரை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றும் குழாய்தான். கூவத்தில் வெள்ளம் ஓடும்போது, ஆற்றில் சேரும் வடிகாலின் வாய் ஆற்று மட்டத்துக்குக் கீழே போய்விடும். நீர் இறங்காது, சில நேரம் ஆற்று நீரே தெருவுக்குள் ஏறும். மேலே உள்ள ஏரிகளில் பிடித்து வைக்காமல் எல்லாவற்றையும் வேகமாகக் கீழே அனுப்பும் வடிகால், உயர்த்திக் கட்டிய வீட்டின் குணத்தைத்தான் ஊர் அளவில் திரும்பச் செய்கிறது. வேலை நடக்கும் காலமும் தவறு. நிதியாண்டுக் கணக்கும் ஒப்பந்தப்புள்ளி நடைமுறையும் இழுத்துக்கொண்டு போய், தோண்டுவது பல இடங்களில் புரட்டாசி, ஐப்பசியில் நடக்கிறது. 2022 அக்டோபரில் முடிக்கப்படாத வடிகால் பள்ளத்தில் விழுந்து ஓர் இளம் பத்திரிகையாளர் உயிரிழந்தார். மழையிலிருந்து காக்க வெட்டிய பள்ளம் அது.

இந்தக் காலக் குழப்பத்துக்கு அடியில் எல்லைக் குழப்பம் இருக்கிறது. 2011இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது அம்பத்தூரும் மதுரவாயலும் உள்ளே போயின. வேலப்பன்சாவடி திருவேற்காடு நகராட்சியோடு வெளியே நின்றது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சியானது. 2018இல் சென்னை மாவட்டமும் விரிந்து மதுரவாயல் அதற்குள் வந்துவிட்டதால், நெடுஞ்சாலையில் சில நிமிடத் தூரத்தில் மாவட்டமே மாறுகிறது. மழை நாளில் சென்னை ஆட்சியர் விடுமுறை அறிவித்தாரா, திருவள்ளூர் ஆட்சியர் அறிவித்தாரா என்று பெற்றோர் காலையில் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருப்பதும், பிள்ளை ஒரு மாவட்டத்துப் பள்ளியிலும் தாய் இன்னொரு மாவட்டத்து வேலையிலும் இருப்பதும் இந்தப் பகுதியின் மழைக்கால அன்றாடம். நீருக்கு இந்தக் கோடுகள் தெரியாது. ஆவடி மாநகராட்சி எல்லையில் கலங்கலைத் தாண்டும் நீர், திருவேற்காடு நகராட்சித் தெருக்களின் ஓரமாக ஓடி, நீர்வளத் துறைக்குச் சொந்தமான ஆற்றில் இறங்கி, தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் சிறுபாலத்தில் தடைபட்டு, சென்னை மாநகராட்சியின் வார்டுக்குள் புகுகிறது. ஒவ்வொரு அலுவலகமும் தன் துண்டைத் தூர்வாரி முடித்துவிட்டதாக உண்மையாகவே சொல்ல முடியும். இடையில் விட்டுப்போன இருபது மீட்டர் யாருடையது என்பதில்தான் வெள்ளம் நிற்கிறது.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் மேலே ஓர் ஆணையம் போதுமா? டெல்லி அதைச் செய்து பார்த்திருக்கிறது. காற்று மாநில எல்லையில் நிற்பதில்லை என்பதால் தலைநகர்ப் பகுதிக்கும் சுற்றியுள்ள மாநிலங்களுக்கும் சேர்த்துக் காற்றுத் தர மேலாண்மை ஆணையம் 2021இல் சட்டப்படி அமைந்தது. பிறகும் ஒவ்வொரு நவம்பரிலும் டெல்லியின் வானம் மங்குகிறது. பஞ்சாப், அரியானா வயல்களில் வைக்கோல் எரிப்பது குறித்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய்க்கொண்டே இருக்கிறது. எல்லையைச் சரியாக வரைந்தால் மட்டும் காரியம் நடந்துவிடாது என்பதற்கு அது சான்று. ஆனால் எதிர்ப்பக்கமும் ஒரு பாடம் அதில் உண்டு. எந்த அளவு தாண்டினால் என்ன நிறுத்தப்படும் என்பது அங்கே முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. குடிமகன் அதைக் காட்டிக் கேள்வி கேட்க முடிகிறது. நம் தெருவில் குடிமகன் கையில் அப்படிப்பட்ட எண் ஒன்றுமில்லை. என் தெருவின் தரைமட்டம் எவ்வளவு, அதை உயர்த்த யாருக்கு உரிமை, என் தெரு நீர் எந்தக் கலங்கல் வழியாக எந்த ஆற்றுக்குப் போக வேண்டும் என்று கேட்டால் காட்ட ஒரு வரைபடம் நகராட்சி அலுவலகச் சுவரில் இல்லை. கொரட்டூர் ஏரியைக் காக்க அப்பகுதி மக்கள் இயக்கமாகத் திரண்டு, ஏரிக்குள் கழிவுநீர் விடப்படுவதை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயம்வரை போராடியது, தகவல் கையில் இருந்தால் மக்கள் தனிவீட்டைத் தாண்டி யோசிப்பார்கள் என்பதைக் காட்டுகிறது.

ஆகவே கேட்க வேண்டியவை பெரிய கனவுகள் அல்ல. முதலாவது, தெருவின் மட்டம். பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலர் இறையன்பு அறிவுறுத்தினார். அது மட்டும் ஒவ்வொரு நகராட்சித் தெருவிலும் நடந்தால் உயர்த்தும் போட்டியின் முதல் காரணம் போய்விடும். அடுத்து, கட்டட அனுமதியில் வீட்டின் உயரத்துக்கு உச்சவரம்பு இருப்பதுபோல மனையில் கொட்டும் மண்ணுக்கும் ஒரு வரம்பு வேண்டும். தரையை உயர்த்த விரும்புகிறவர் மண் நிரப்பாமல் தூண் மேல் கட்டலாம். நீர் அடியில் நின்று போகும். கியூபெக்கின் டயர்ச் சட்டம் நிற்பதும் இந்த நியாயத்தின் மேல்தான்: வழுக்கும் கார் அதன் சொந்தக்காரரை மட்டும் மோதுவதில்லை. 2003இல் மழைநீர்ச் சேகரிப்பைத் தமிழ்நாடு கட்டாயமாக்கியபோது மக்கள் முணுமுணுத்தாலும் செய்து முடித்தார்கள். வீட்டுக்குள் செய்யும் ஒரு வேலைக்குப் பொதுப்பயன் உண்டு என்பதைச் சட்டமாகச் சொன்னால் இங்கே எடுபடும் என்பதற்கு அது முன்னுதாரணம். பழைய பள்ள வீடுகளுக்கும் வாடகைக் குடும்பங்களுக்கும் என்ன செய்வது என்பதற்கு விதி மட்டும் போதாது, பணம் வேண்டும். நீர் வெளியேற்றும் பம்பு, வெள்ளக் காலத்துக்கான தங்குமிடம், இழப்பீடு ஆகியவற்றை உயர்ந்த மனைகள் கட்டும் சொத்துவரியிலிருந்தே கொடுப்பது நியாயம். அந்த மேட்டின் விலையில் ஒரு பங்கைப் பள்ளம்தான் இதுவரை கட்டிவந்திருக்கிறது.

மிச்சமிருப்பது காலம். மாநில அளவில் பருவமழை ஆய்வுக் கூட்டங்கள் செப்டம்பர், அக்டோபரில் நடக்கின்றன. வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20ஐ ஒட்டி. அதாவது கூட்டத்துக்கும் மழைக்கும் இடையே உள்ள வாரங்களில் மணல் மூட்டை அடுக்கலாம், படகைத் தயார் செய்யலாம், சிறுபாலத்தை அகலப்படுத்த முடியாது. அதற்குரிய காலம் சித்திரையிலிருந்து ஆடிவரை, ஏரிகள் வற்றி வரத்துக்கால்களின் அடி தெரியும் மாதங்கள். பருத்திப்பட்டுக் கலங்கலிலிருந்து கூவம்வரை, கூவத்தில் திருவேற்காட்டிலிருந்து புறவழிச்சாலைப் பாலம்வரை, ஐந்து அலுவலகங்களின் பொறியாளர்களும் ஒன்றாக ஒருமுறை வெயிலில் நடந்து, மட்டம் எடுத்து, அடைப்புகளைக் குறித்து, அந்தக் குறிப்பை ஆடிப் பதினெட்டுக்குள் வார்டு வாரியாக மக்கள் பார்வைக்கு ஒட்ட வேண்டும். ஐப்பசி முதல் மழைக்கு எந்த அடைப்பு மீதமிருந்தது, அது யார் பெயரில் இருந்தது என்பதை அப்போது தெருவில் உள்ள எவரும் படித்துச் சொல்ல முடியும்.